மறைத்து எடுத்துச் செல்ல அனுமதி

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. பயம் ஒன்றுமில்லை, அவர் இறந்தே ஒன்றரை வருஷமாகிறது. ஆனால் தன் பெயர் ஒரு காகிதத்தில் ஏறுவதற்கு முன்னால் அந்தக் காகிதம் யார் கைக்குப் போகும், எத்தனை நகல் எடுப்பார்கள், அசல் எந்த அலமாரியில் இருக்கும் என்றெல்லாம் கேட்காமல் சம்மதிக்காத மனிதர் அவர். இனி அவரிடம் கேட்டு எழுத்தில் பதில் வாங்க வழியில்லை. ஆகவே 'அவர்' என்றே இருக்கட்டும்.

ரங்கூன் நகரத்தின் கியாக்டடா பேட்டையில், பழைய கோர்ட்டுக் கட்டடத்துக்குப் பின்பக்கத் தெருவில் எனக்கு ஒரு சின்னக் கடை. நகல் எடுப்போம், மனு டைப் அடிப்போம், லேமினேஷன் போடுவோம். கரண்ட் இருக்கிற நேரம் கடை, இல்லாத நேரம் ஜெனரேட்டர் சத்தம். ஒரு சித்திரை மாத மத்தியானம், தார் ரோடு செருப்பில் ஒட்டுகிற வெயிலில், கறுப்புக் கோட்டு போட்ட ஒருவர் உள்ளே வந்தார். அறுபது வயசு இருக்கும். கோட்டுக்குக் கீழே கட்டம் போட்ட லுங்கி. முகமெல்லாம் வியர்வை.

"பன்னெண்டு காப்பி. ரெண்டு பக்கமும். கலர்ல" என்று ஒரு அட்டையை நீட்டினார்.

வாங்கிப் பார்த்தேன். வடக்கே ஒரு மலைநாட்டு மாநிலத்தின் ஊர் நிர்வாகம் கொடுத்தது. அவர் போட்டோ, கீழே துப்பாக்கியின் எண். அதற்குக் கீழே பர்மிய மொழியில் ஒரு வரி: கைத்துப்பாக்கியை வெளியே தெரியாதபடி மறைத்து எடுத்துச் செல்ல அனுமதிக்கப்படுகிறது.

இந்த ஊரில், இந்தக் காலத்தில், இப்படியொரு அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பதே தப்பு மாதிரி இருந்தது. முகத்தைப் பார்த்து நம்ம ஆள் என்று தெரிந்ததால் தமிழிலேயே கேட்டேன்.

"ஊலே, இப்ப உங்ககிட்ட இருக்கா?" ஊலே என்றால் பர்மிய வழக்கில் சித்தப்பா மாதிரி. வயசான ஆம்பிளை எல்லாருக்கும் நாங்கள் அதைத்தான் சொல்வோம்.

"எது?"

"அதுதான்."

"அதைச் சொல்லக்கூடாதும்மா. மறைத்துன்னு போட்டிருக்கு பாரு. சொல்லிட்டா அப்புறம் என்ன மறைத்து?"

பன்னிரண்டு நகலையும் எண்ணிப் பார்த்து, ஒன்றில் ஓரம் மங்கலாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்து, புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு போனார். அடுத்த ஒரு வாரம் தெருவில் டயர் வெடித்தாலும் அவர்தானோ என்று எட்டிப் பார்த்தேன்.

உண்மையில் அவரிடம் துப்பாக்கி இல்லை. அது எனக்குத் தெரியவந்தது நாலாவது தடவை அவர் வந்தபோதுதான். இடுப்பில் தோல் உறை இருந்தது, அதற்குள் ரசீது ஒன்று பிளாஸ்டிக் கவரில் இருந்தது. அவ்வளவுதான். கோட்டு அந்த உறையை மறைக்க. "உறைக்கு அனுமதி வேணுமான்னு எழுதிக் கேட்டேன். வேணாம்னு பதில் வரலை, வேணும்னும் வரலை. எதுக்கும் மறைச்சே வைப்போம்" என்றார்.

அந்த மலை ஊரில் ஒரு தேயிலை வியாபாரியிடம் பன்னிரண்டு வருஷம் காவலாளாக இருந்திருக்கிறார். வியாபாரி தோட்டம் தோட்டமாகப் போகும்போது கூடவே போகிற வேலை. அதற்காகத்தான் பிஸ்டலும் அட்டையும்.

"சுட்டிருக்கீங்களா ஊலே?"

"வச்சுக்கத்தான் அனுமதி. சுடுறதுக்கு வேற விண்ணப்பம் இருக்கும்னு நினைக்கிறேன். நான் கேக்கலை."

வியாபாரி தொழிலை மூடிவிட்டுப் போனதும் இவர் ரங்கூனுக்குப் பஸ் ஏறியிருக்கிறார். மாநில எல்லைத் தூண் வந்ததும் எழுந்து நின்று டிரைவரிடம் வண்டியை நிறுத்தச் சொன்னாராம். ஏன் என்றால், "என் அனுமதி இந்தத் தூணோட முடியுது." பஸ்ஸில் அத்தனை பேரும் கத்த, இவர் இறங்கி எல்லைச் சாவடிக்குப் போய் பிஸ்டலை மேஜைமேல் வைத்திருக்கிறார். சாவடியில் இருந்தவர் பதறிப்போய், "பையில போட்டுக்கிட்டுப் போய்யா, யாரு பார்க்கப் போறா" என்றாராம். "நீங்களே அப்படிச் சொல்லலாமா?" என்று இவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

தானாகக் கொண்டுவந்து துப்பாக்கி ஒப்படைக்கிறவனுக்குக் கொடுக்க அவர்களிடம் ரசீது இல்லை. இரண்டு நாள் தேடிவிட்டு, காணாமல்போன மாடு பிடித்துக் கட்டினால் கொடுக்கிற ரசீதை எடுத்து, 'மாடு' என்பதை அடித்துவிட்டு 'கைத்துப்பாக்கி' என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த ரசீதை நான் பலமுறை நகல் எடுத்திருக்கிறேன். நிறம்: கறுப்பு. கொம்பு: இல்லை. சுபாவம் என்ற இடத்தில் 'அமைதி' என்று யாரோ யோசித்து எழுதியிருந்தார்கள்.

ரங்கூன் வந்ததிலிருந்து அவருக்கு ஒரே வேலைதான். நகரத்திலேயே மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் ரயில் பாதையை ஒட்டி ஒரு அறை, பக்கத்தில் ஐஸ் கட்டி போடுகிற தொழிற்சாலையில் வாட்ச்மேன் உத்தியோகம். அது பிழைப்புக்கு. நான் சொல்கிற வேலை வேறு. அந்த மாநிலம் கொடுத்த அனுமதி இந்தப் பிரதேசத்திலும், அதாவது அரசாங்கக் காகிதத்தில் யாங்கோன் என்கிற ரங்கூனிலும், செல்லும் என்று எழுதி வாங்க வேண்டும். ஐஸ் தொழிற்சாலைக்காரர் காவலுக்கு ஒரு மூங்கில் தடி கொடுத்தபோது, அதைக் கையில் வைத்துக்கொள்ள ஒரு கடிதம் கேட்டு வாங்கிய பிறகுதான் தடியைத் தொட்டார். என் கடையில்தான் டைப் அடித்தோம். தடியின் நீளம் உட்பட.

ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன். "இங்க உங்களுக்குத் துப்பாக்கி எதுக்கு ஊலே?"

"துப்பாக்கி எனக்கு வேணாம்மா. அதைக் கண்டாலே எனக்குப் பயம்."

"பின்னே எதுக்கு இத்தனை அலைச்சல்?"

"அங்க என்னை நம்பத்தகுந்த ஆள்னு சொல்லி முத்திரை குத்திக் கொடுத்திருக்காங்க. ஒரு தூணைத் தாண்டினதும் நான் வேற ஆளா ஆயிட்டேனா? இங்க உள்ளவங்களும் ஆமான்னு சொல்லட்டும். அவ்வளவுதான்."

ஆமாம் என்று சொல்வதற்கு யாருக்கும் மனசில்லை. முதல் அலுவலகத்தில், மாநிலம் கடிதம் கொடுத்தால் பார்ப்போம் என்றார்கள். மாநிலத்துக்கு எழுதினால், பிரதேசம் கேட்டால் கொடுப்போம் என்று பதில் வந்தது. இரண்டாவது அலுவலகத்தில், துப்பாக்கியை நேரில் கொண்டுவந்தால்தான் எண்ணைச் சரிபார்க்க முடியும் என்றார்கள். கொண்டுவந்தால் குற்றம், கொண்டுவராவிட்டால் மனு நிலுவை. நடுவே இரண்டு பிரதேசங்கள் இருக்கின்றனவே, அங்கேயும் அனுமதி வேண்டாமா என்று நான் விளையாட்டாகக் கேட்கப்போய், அவர் முகம் மாறிவிட்டது. நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

கடைசியில் ஒரு அதிகாரி, இவரை எப்படியாவது எழுப்பி அனுப்ப வேண்டும் என்று, "படமாவது வரைஞ்சு கொண்டா, பார்ப்போம்" என்றிருக்கிறார். இவர் சைன்போர்டு எழுதும் ஒருவரைப் பிடித்து, அளவு சொல்லிச் சொல்லி, நிஜ அளவில் பிஸ்டலை வரைந்து வாங்கிவிட்டார். அதைக் கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு போனால் வாசல் காவலாளி விடவில்லை. துப்பாக்கிப் படத்தோடு உள்ளே போகக் கூடாதாம். இவர் தெருமுனைவரை திரும்பி நடந்து, படத்தை மடித்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு மறுபடியும் வந்தார்.

"படம் எங்கே?" என்றான் காவலாளி.

"மறைச்சு வச்சிருக்கேன்."

காவலாளி ரொம்ப நேரம் யோசித்தானாம். வெளியே தெரியவில்லை, ஆகவே போகலாம் என்று விட்டுவிட்டான். அன்றைக்குக் கடைக்கு வந்து இதைச் சொன்னபோது அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். "சட்டம் புரிஞ்ச பையன்மா அவன்" என்றார்.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, ஆற்றுக்கு அக்கரையிலுள்ள தன்லியின் ஊருக்கு நாங்கள் ஒரே பஸ்ஸில் போகும்வரை.

அந்த ஊரில் ஒரு கோயிலில் பால்குடம். பஸ் முழுக்க எங்கள் ஜனம், மடியில் செம்பும் குடமும். பாலத்துக்கு முன்னால் சோதனைச் சாவடியில் வண்டி நின்றது. சிப்பாய் ஒருவன் ஏறி, கத்தி, ஆயுதம் ஏதாவது இருக்கிறதா என்று ஒவ்வொருவராகக் கேட்டான். இருபது வயசுகூட இருக்காது, தூக்கக் கலக்கத்தில் இருந்தான். எல்லாரும் "மஷிபூ, மஷிபூ" என்றார்கள். இல்லை என்று அர்த்தம். கடைசி சீட்டில் கறுப்புக் கோட்டு எழுந்து நின்றது.

"ஷிதெ" என்றார். இருக்கிறது.

சிப்பாயின் தூக்கம் போய்விட்டது. "எங்கே?"

"இங்க இல்லை."

ஐந்து நிமிஷத்தில் நாங்கள் எல்லாரும் ரோட்டோரம் வரிசையாக நின்றோம். அவரைத் தனியாக நிறுத்திக் கோட்டைக் கழற்றினார்கள். உறையைப் பார்த்ததும் மூன்று துப்பாக்கிகள் அவர் பக்கம் திரும்பின. கூட்டத்தில் யாரோ அழ ஆரம்பித்தார்கள். உறைக்குள் விட்ட கை ஒரு பிளாஸ்டிக் கவரோடு வெளியே வந்தது. மேலதிகாரி அந்த மாட்டு ரசீதை இரண்டு முறை வாசித்தார்.

"துப்பாக்கி எங்கே?"

"ரசீதில இருக்கு ஐயா."

அவரை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்களை இரண்டு மணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டு அனுப்பினார்கள். குடத்துப் பால் எல்லாம் திரிந்துபோயிருந்தது. அவரை அன்றைக்குத் திட்டாத வாய் இல்லை. நானும்தான் திட்டினேன்.

மறுநாள் ஸ்டேஷனிலிருந்து எனக்கு ஆள் வந்தது. அவர் பையில் இருந்த நகல்களின் பின்னால் என் கடை முத்திரை. போகாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். வீட்டுக்காரர் மலேசியாவில். எனக்கு ஏதாவது ஆனால் கேட்க நாதியில்லை. ஆனாலும் போனேன். கறுப்புக் கோட்டு இல்லாமல் பனியனோடு ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சின்ன மனிதராகத் தெரிந்தார்.

அதிகாரி நல்லவர்தான், களைத்துப்போயிருந்தார். "இந்தாளுகிட்ட துப்பாக்கி கிடையாதுன்னு ஒரு வரி எழுதித் தரச் சொல்லு. இப்பவே விட்டுடறேன். நேத்துலேர்ந்து சொல்றேன், கையெழுத்துப் போடமாட்டேங்கிறார்."

"ஊலே, போட்டுடுங்க" என்றேன்.

"எப்படிம்மா போடுறது? என் பேர்ல ஒண்ணு இருக்கே."

"அது இங்க இல்லையே!"

"அப்ப 'இங்க இல்லை'ன்னு எழுதட்டும். 'கிடையாது'ன்னா பொய்."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் அதிகாரியைப் பார்த்தேன். "நான் போடலாமா?" என்று கேட்டேன். இவரை எனக்குத் தெரியும், இவரிடம் துப்பாக்கி எதுவும் கிடையாது என்று எழுதி, ஜாமீன்தாரராக என் அடையாள அட்டை எண்ணையும் போட்டுக் கையெழுத்து வைத்தேன். அவர் பின்னால் நின்று, "வேணாம்மா, தப்பும்மா, அழிச்சுடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

வெளியே வந்ததும் அவர் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். பஸ்ஸில் தனி சீட்டில் உட்கார்ந்தார்.

மூன்றாம் நாள் கடைக்கு வந்தார். ஒரு தாளை நீட்டி, "மூணு காப்பி" என்றார். வாசித்தேன். நகல் கடை நடத்தும் இன்ன பெண்மணி, காவல் நிலையத்தில் தன்னைப் பற்றி உண்மைக்கு மாறான வாக்குமூலம் கொடுத்தார் என்று என் மேலேயே புகார். அதை நகல் எடுக்க என்னிடமே கொண்டுவந்திருக்கிறார்.

"வேற கடையே கிடைக்கலையா ஊலே?"

"இங்கதான் ஓரம் மங்காம வரும்."

எடுத்துக் கொடுத்தேன். ஒரு பர்மிய எழுத்துப் பிழை இருந்தது, அதையும் திருத்திக் கொடுத்தேன். ஒரு நகலை என் மேஜையில் வைத்துவிட்டு, "நீ வெளிய வர வச்சே. அதுக்கு நன்றி. அது வேற காகிதம், பிறகு எழுதறேன்" என்று போனார். அந்த நன்றிக் கடிதம் அடுத்த வாரம் தபாலில் வந்தது. புகாரை எந்த அலுவலகமும் எடுத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, நான் இன்னும் கடை நடத்துகிறேன்.

அதற்கப்புறம் ஒரு மழைக்காலம் முடிந்து, ஒரு காலை நேரம் அவர் கடை வாசலில் நின்றார். கையில், கிழித்ததே தெரியாத மாதிரி அழகாகக் கிழித்த ஒரு கவர். "வந்துருச்சு" என்றார்.

வாசித்தேன். மேற்படி மாநில ஊர் நிர்வாகத்தின் முத்திரையும் கையொப்பமும் யாங்கோன் பிரதேசத்தில் ஏற்கப்படுகின்றன. மேற்படி நபரின் அனுமதி இங்கும் செல்லுபடியாகும். ஆனால் மேற்படி கைத்துப்பாக்கி எக்காரணம் கொண்டும் யாங்கோன் பிரதேசத்துக்குள் கொண்டுவரப்படக் கூடாது.

எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. ரங்கூன் முழுக்க மறைத்து எடுத்துச் செல்லலாம், எடுத்து மட்டும் வரக்கூடாது. நிமிர்ந்து பார்த்தால் அவர் கண் கலங்கி நின்றுகொண்டிருந்தார். தெருவுக்கே பலகாரம் வாங்கிக் கொடுத்தார்.

லேமினேஷன் போடும்போதுதான் அந்தக் கடிதத்தில் இன்னொரு சொல்லைக் கவனித்தேன். 'குடிமகன்' என்று இருந்தது. அவருடைய அடையாள அட்டை முழுக் குடிமகனுக்குக் கொடுக்கிற நிறத்தில் இல்லை, வேறு நிறம். எங்களில் பலருக்கும் அப்படித்தான். தாத்தா காலத்துக் காகிதம் ஏதோ ஒன்று குறைகிறது என்று அரைகுறையாக ஒரு அட்டை கொடுத்து வைத்திருப்பார்கள். பழைய துப்பாக்கி அனுமதியைத் திருப்பிப் பார்த்தேன். அதிலும் அதே சொல். மலை ஊர் குமாஸ்தா எழுதியதை இங்கே உள்ளவர் அப்படியே பார்த்து எழுதியிருக்கிறார்.

"ஊலே, இது…"

"தெரியும்" என்றார். "அங்க எழுதினவர் தெரியாம எழுதியிருக்கலாம். நான் கேக்கலை."

எதையும் கேட்காமல் விடாத மனிதர். லேமினேஷன் போட்டுக் கொடுத்தேன்.

அந்த வருஷக் கடைசியில் மலை ஊர்ப் பக்கம் சண்டை மூண்டது. அங்கே தையல் வேலை செய்துகொண்டிருந்த என் நாத்தனார் பாக்கியம், ஒரு துணி மூட்டையோடு என் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். வீட்டுக்காரரின் அக்கா, ஐம்பது தாண்டியவர், வேறு யாருமில்லை. விருந்தாளி வந்தால் வார்டு அலுவலகத்தில் பதிய வேண்டும். போனோம். குடும்பத்தில் யார் யார் என்று ஊர் நிர்வாகம் முத்திரை குத்தித் தருகிற வீட்டுப் பட்டியலைப் பாக்கியம் நீட்ட, குமாஸ்தா அதைப் புரட்டினான். "இந்த முத்திரையை நாங்க ஏத்துக்கிறதில்லை. பதிய முடியாது. வெள்ளிக்கிழமைக்குள்ள வேற இடம் பார்த்துக்குங்க."

"வேற இடம்னா?" என்று பாக்கியம் கேட்டார். குமாஸ்தா வரிசையில் அடுத்தவரைக் கூப்பிட்டான்.

முத்திரையைப் பார்த்த எனக்கு எங்கேயோ பார்த்த ஞாபகம். எத்தனை தடவை கலரில் நகல் எடுத்திருக்கிறேன்! நேரே ஐஸ் தொழிற்சாலைக்கு ஓடினேன். விஷயத்தைச் சொன்னதும், தடியை மூலையில் சாத்திவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு புறப்பட்டார். பாக்கியத்தை அவருக்குத் தெரியாது. ஒரே ஊரில் இருந்திருக்கிறார்கள், ஒருவரையொருவர் பார்த்ததில்லை.

வார்டு அலுவலகத்தில் தன் கடிதத்தைக் குமாஸ்தா முன்னால் வைத்தார். "இதே முத்திரை. இதே கையெழுத்து. பிரதேசம் ஏத்துக்கிட்டதுன்னு எழுதியிருக்கு, படிங்க."

குமாஸ்தா படித்தான். "இது துப்பாக்கிக்குக் கொடுத்தது."

"துப்பாக்கிக்குச் செல்லுற முத்திரை ஒரு பொம்பளைக்குச் செல்லாதா?"

அறையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். குமாஸ்தா காதைச் சொறிந்துகொண்டு உள்ளே போய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்தான். "சரி. ஆனா அந்த ஊர்ல இருந்த ஒருத்தர் ஜாமீன் நிக்கணும். அதுவும் சொந்தக்காரங்களா இருக்கணும்." படிவத்தைத் திருப்பி, பேனாவை எடுத்தான். "நீங்க இந்த அம்மாவுக்கு என்ன உறவு?"

யாரிடம் கேட்கிறான்! ஸ்டேஷனில் பனியனோடு உட்கார்ந்து 'கிடையாது' என்ற ஒரு சொல்லுக்காகக் கையெழுத்துப் போடாதவர். பாக்கியம் தலையைக் குனிந்துகொண்டார். அவர் பாக்கியத்தைப் பார்த்தார், துணி மூட்டையைப் பார்த்தார், படிவத்தில் அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்தார்.

"தங்கச்சி" என்றார்.

குமாஸ்தா எழுதினான். பிறகு நிமிர்ந்தான். "அப்பா பேர் வேறயா இருக்கே?"

"சித்தப்பா மகள்."

முத்திரை விழுந்தது. வெளியே வந்ததும் படியில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். "ரெண்டு பொய்ம்மா. ஒரே படிவத்துல ரெண்டு" என்றார்.

அன்றைக்கு முழுக்க எனக்கு நிம்மதியில்லை. இந்த மனிதர் திருத்தல் மனுவோடு காலையில் வந்து நிற்பார், பாக்கியத்தின் கதை அதோடு முடிந்தது என்று நினைத்தேன். காலையில் வந்தும் விட்டார். கையில் மனு இல்லை, ஒரு தாம்பாளம். அதில் வெற்றிலை, ஒரு சீப்பு வாழைப்பழம், பூப்போட்ட புது தமெய்ன் ஒன்று, இங்கே பெண்கள் உடுத்துகிற கைலி.

"அவங்க வீட்ல இருக்காங்களா?" என்றார்.

கடையைச் சாத்திவிட்டுக் கூடவே போனேன். பாக்கியம் கதவைத் திறந்ததும் தாம்பாளத்தை நீட்டி, பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி, "அண்ணன் சீர்" என்றார். பாக்கியத்துக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அவர் நகரவில்லை. கோட்டுப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றையும் பேனாவையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். ரசீது. தமெய்ன் ஒன்று, பழம் ஒரு சீப்பு, பெற்றுக்கொண்டேன் என்று அவரே தமிழில் எழுதியிருந்தார். கீழே பெயருக்கு ஒரு கோடு. அதற்குக் கீழே, 'உறவு' என்று போட்டு இன்னொரு கோடு.

பாக்கியம் பெயரை மெதுவாக எழுதினார். "இங்க என்னண்ணே எழுதறது?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "உனக்கு எது உண்மைன்னு படுதோ அதை எழுதும்மா" என்றார்.

பாக்கியம் குனிந்து, எழுத்து எழுத்தாக, தங்கச்சி என்று எழுதினார். அவர் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார். மை காயும்வரை கையிலேயே வைத்திருந்தார்.

"நேத்து எழுதினதுக்கு இன்னைக்கு ஆதாரம் வந்துருச்சு" என்றார். "இப்பச் சரி."